பங்கீட்டுச் சர்க்கரையின் பிள்ளைகள்

1598இல் கிரீனிச் அரண்மனையில் முதலாம் எலிசபெத் அரசியை நேரில் கண்ட ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், அரசியின் பற்கள் கறுத்திருந்ததைக் குறித்துவைத்தார். ஆங்கிலேயர் சர்க்கரையை மிகுதியாக உண்பதால் நேரும் குறை இது என்பது அவர் எண்ணம். அந்நாளில் சர்க்கரை சீமான்களின் பண்டம். பல் கறுப்பதற்கும் செல்வம் வேண்டியிருந்தது. பிறகு கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரை வந்து குவியக் குவிய, 1700இல் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 4 பவுண்டாக இருந்த நுகர்வு 1800இல் 18 பவுண்டாயிற்று என்று மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் கணக்குக் காட்டுகிறார். 1874இல் இறக்குமதி வரியும் நீங்கியபின் அது ஏழையின் அன்றாட உணவாகவே ஆகிவிட்டது.

இந்த மாற்றத்தின் மனித முகத்தை ஜார்ஜ் ஆர்வெல் அளவுக்குக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. 1937இல் வெளியான 'விகன் பியருக்குச் செல்லும் சாலை' நூலில், வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டின் இறைச்சி, சர்க்கரை போட்ட தேநீர், உருளைக்கிழங்கு என்று வேலையற்ற குடும்பங்களின் உணவை அவர் பதிவு செய்கிறார். ஆனால் அவர்களைக் கடிந்துகொள்வதில்லை. கையில் காசில்லாமல் சோர்ந்திருப்பவன் சத்தான, சுவையற்ற உணவை நாடமாட்டான், நாவுக்கு இதமானதையே தேடுவான் என்கிறார். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி உபதேசம் செய்யும் எவரும் முதலில் படிக்கவேண்டிய பக்கங்கள் இவை என்றே நாங்கள் கருதுகிறோம்.

உபதேசத்தால் ஆகாததைப் போர் செய்தது. 1940 ஜனவரி 8 அன்று பிரிட்டனில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் பங்கீடு வந்தது. சர்க்கரையின் பெரும்பகுதி கப்பலில் வரவேண்டியது. கடலிலோ ஜெர்மானிய நீர்மூழ்கிகள். முதலில் ஆளுக்கு வாரம் 12 அவுன்ஸ், பின்னர் பெரும்பாலும் 8 அவுன்ஸ் கிடைத்தது. எட்டு அவுன்ஸ் என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 32 கிராம். 1942 ஜூலையில் மிட்டாய்களும் பங்கீட்டுக்குள் வந்தன. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பால், ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய் ஆகியவற்றைத் தனியே வழங்க அரசு ஏற்பாடு செய்தது. ஆகவே அதைப் பட்டினிக்காலம் என்று எண்ணிவிடக்கூடாது.

போர் 1945இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1946 ஜனவரியில் நல்ல தேநீர் தயாரிக்கும் முறை பற்றி ஒரு நாளிதழில் எழுதிய ஆர்வெல், இரண்டு வாரம் சர்க்கரையில்லாமல் தேநீர் பருகிப் பாருங்கள், பிறகு சர்க்கரை சேர்க்கவே தோன்றாது என்றார். நாடு அவ்வாறு பழகிக்கொண்டதா? 1949 ஏப்ரலில் மிட்டாய்ப் பங்கீட்டை அரசு நீக்கிப் பார்த்தது. கடைகளின் முன் வரிசைகள் நீண்டன, அலமாரிகள் காலியாயின. நான்கே மாதத்தில், ஆகஸ்டில், பங்கீட்டை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது. ஒன்பது ஆண்டுக் கட்டுப்பாடு நாவை மாற்றவில்லை, காத்திருக்கத்தான் வைத்திருந்தது. இறுதியில் மிட்டாய்க்கு 1953 பிப்ரவரியிலும் சர்க்கரைக்கு அவ்வாண்டு செப்டம்பரிலும் விடுதலை கிடைத்தது. வயதுவந்தோர் நாளொன்றுக்குச் சராசரியாக உண்ட சர்க்கரை 41 கிராம் அளவிலிருந்து விரைவிலேயே 80 கிராமை நெருங்கியது.

இந்தத் தாவலைக் கவலையோடு பார்த்தவர்களில் முதன்மையானவர், லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் ஜான் யுட்கின். சர்க்கரையே இதயநோய்க்கு முக்கியக் காரணம் என்று வாதிட்டு 1972இல் அவர் நூல் எழுதினார். கொழுப்பையே குற்றவாளியாகக் கண்ட அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் அவரைக் கடுமையாக எதிர்த்தார். யுட்கின் ஏறத்தாழ மறக்கப்பட்டவராகவே 1995இல் மறைந்தார். சர்க்கரையின் மீதான பழியைக் குறைத்துக் கொழுப்பின் மீது ஏற்றிய ஹார்வர்டு ஆய்வாளர்களின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறை அமைப்பொன்று பணம் கொடுத்திருந்தது என்பது 2016இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. யுட்கின் சொன்னது எல்லாம் சரி என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் விவாதம் நேர்மையான தராசில் நடக்கவில்லை என்பது உறுதி.

அவர் தேடிய சான்றுகளுள் ஒன்று பங்கீட்டுக் காலத்திலேயே கருவாகி வளர்ந்துகொண்டிருந்தது. 1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையே பிறந்த, பிரிட்டனின் 'பயோபேங்க்' தரவுத்தொகுப்பில் இடம்பெற்ற சுமார் 60,000 பேரைத் ததேயா கிராக்னர், கிளேர் பூன், பால் கெர்ட்லர் ஆகியோர் ஆராய்ந்து, 2024 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். கருப்பையிலும் பிறந்தபின் முதல் இரண்டாண்டுகள் வரையிலும் பங்கீட்டுச் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, பங்கீடு முடிந்தபின் கருவானவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. நோய் வந்தவர்களுக்கும் நீரிழிவு நான்காண்டுகள், இரத்த அழுத்தம் இரண்டாண்டுகள் தாமதமாகவே வந்தது. இந்த நன்மையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருப்பையிலேயே கிடைத்துவிட்டது என்பதுதான் எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தாயின் தேநீர்க் கோப்பையில் குறைந்த ஒரு கரண்டி, அறுபது ஆண்டுகள் கடந்து பிள்ளையின் இரத்தத்தில் தெரிகிறது.

தனித்தனியே யார் எவ்வளவு உண்டார் என்ற குறிப்பு இந்த ஆய்வில் இல்லை. பயோபேங்கில் சேர்ந்தவர்களும் தாமாக முன்வந்தவர்கள். இருந்தும், சில மாத இடைவெளியில் ஒரே நாட்டில் பிறந்த இரு கூட்டத்தாரைப் பிரித்துக் காட்ட, ஓர் அரசாணையின் தேதியைவிடக் கூர்மையான கோடு கிடைப்பது அரிது.

நம் பேச்சு வழக்கில் 'சர்க்கரை' என்பதே நோயின் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் அப்படி ஆகவில்லை, ஆனால் அரசு மறுபடியும் கையை நீட்டியிருக்கிறது. 2018 ஏப்ரலில் பிரிட்டன், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களின் மீது வரி விதித்தது. அந்த நாள் வருவதற்கு முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இம்முறை கடைகளின் முன் வரிசை எதுவும் நிற்கவில்லை.