நுழைவுத் தேர்வுக்கு முன்னால் என்ன இருந்தது?

தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது; 2006இல் கடைசியாக நடந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100ஐயும் கூட்டி, மொத்தம் 300 என்று வைத்துத் தரவரிசை போட்டார்கள். அந்த 300க்குள் அரை மதிப்பெண், கால் மதிப்பெண் குறைந்ததால் படிப்பு மாறியவர்கள், ஊர் மாறியவர்கள் நம்மில் ஏராளம். 1990களில் நானும் அந்தத் தேர்வை எழுதினேன். மார்ச்சில் பொதுத் தேர்வு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு டவுனில் சித்தப்பா வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய், ஒரு மாதக் கோச்சிங்கில் சேர்ந்தவர்கள் என் வகுப்பில் சிலர். மற்றவர்கள் ஊரிலேயே இருந்து, தேர்வன்று விடியற்காலையில் பஸ் ஏறினார்கள். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்.

நீட் வந்த பிறகு அந்தப் பழைய தேர்வைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. "நாமே இருபது வருஷத்துக்கு மேல் நுழைவுத் தேர்வு வைத்திருந்தோமே, இப்போது மட்டும் ஏன் எதிர்க்க வேண்டும்?" என்று ஒரு சாரார் கேட்டார்கள். "அதற்கு முன்னால் மார்க்கை மட்டும் பார்த்து ஒழுங்காக இடம் கொடுத்தார்கள், தேர்வுதான் எல்லாவற்றையும் கெடுத்தது" என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். எந்தப் பக்கம் நின்று பேசினாலும் 1984க்கு முன்னால் என்ன நடந்தது என்பது தெரிந்தாக வேண்டும். அது பற்றி என் வயதுக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. அதனால் தேட ஆரம்பித்தேன்.

முதலில் அரசாணைகளும் பழைய நாளிதழ்களும். ஒரு முறை எந்தக் கல்வியாண்டிலிருந்து மாறுகிறது, யார் நடத்துவது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் இவற்றில் இருக்கும். மாற்றியதற்கான காரணத்தை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு வேண்டியதோ அந்தக் காரணம். வழி காட்டியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். "இன்டர்வியூ மார்க்னு ஒன்னு இருந்துச்சு தம்பி. அதுல யாருக்கு எவ்வளவு விழும்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சட்ட அறிக்கைத் தொகுதிகளுக்குப் போனேன்.

கல்வி வரலாறு தேடுகிறவர்கள் இந்தத் தொகுதிகளை அதிகம் புரட்டுவதில்லை, புரட்ட வேண்டும். வழக்கென்று வந்துவிட்டால் அரசு தன் விதியைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தந்தாக வேண்டும். எந்தப் பாடத்தின் மதிப்பெண், எத்தனை இடம், எத்தனை குழு என்பதெல்லாம் தீர்ப்பில் அச்சாகிவிடும். அலுவலகக் கோப்பு கரையானுக்குப் போனாலும் தீர்ப்பு நிற்கும்.

தலைமையாசிரியர் சொன்ன இன்டர்வியூ, பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் கிடைத்தது. 1970 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. அந்த ஆண்டு மருத்துவக் கல்லூரிகளைப் பல அலகுகளாகப் பிரித்துத் தனித்தனித் தேர்வுக் குழுக்களிடம் கொடுத்திருந்தார்கள். பி.யு.சி. மதிப்பெண்ணோடு நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். அந்த 75ஐ எதற்கெல்லாம் போடலாம் என்ற பட்டியலைத் தீர்ப்பு தருகிறது: விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல்நிலையும் தாங்கும் சக்தியும், பொதுத் திறமை, அந்தப் படிப்பில் உள்ள நாட்டம். குழுக்கள் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தன. அது சட்டத்துக்குப் புறம்பானது என்றது நீதிமன்றம். அலகுவாரித் தேர்வையும் ஏற்கவில்லை. ஓர் அலகில் குறைந்த மதிப்பெண்காரர் உள்ளே போக, வேறோர் அலகில் அவரைவிட அதிகம் வாங்கியவர் வெளியே நின்றார்.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பையனுக்கு என்.சி.சி. ஏது? "நாட்டம்" என்பதைச் சில நிமிடப் பேச்சில் அளந்துவிடக் குழுவிடம் என்ன அளவுகோல் இருந்தது? மார்க்கை மட்டும் பார்த்து இடம் கொடுத்த காலம் என்று நாம் ஏங்குகிற அந்தக் காலத்தில், இடத்தைப் புரட்டிப்போடும் 75 மதிப்பெண் நேர்முக அறையில் இருந்தது. நேர்முகத்தின் மேல் மக்களுக்கு இருந்த இந்த அவநம்பிக்கைதான் நுழைவுத் தேர்வு வரும்போது அதை வரவேற்க வைத்தது என்பது என் முடிவு. கொள்குறி வினாவுக்கு எழுதுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. சிபாரிசுக்கு அஞ்சிய சமூகத்துக்கு அது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

அந்த வழக்கிலிருந்து இன்னும் பின்னால் போனால் 1968இல் ராஜேந்திரன் எதிர் சென்னை மாநிலம். அப்போது மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பங்கிட்டிருந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டபோது, மாவட்டவாரியாகப் பிரிக்காவிட்டால் சென்னை நகரத்துப் பிள்ளைகள் தங்கள் மக்கள்தொகைக்கு மிஞ்சிய இடங்களை எடுத்துக்கொள்வார்கள் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் வாதாடினார். அப்படியே நடந்தாலும் அது மாவட்டவாரிப் பங்கீட்டுக்கு நியாயமாகாது என்று சொல்லி நீதிமன்றம் அந்த விதியை அடித்தது. நகரம், கிராமம் என்ற இந்தச் சண்டையை நுழைவுத் தேர்வுதான் கொண்டுவந்தது என்று நினைத்திருந்தவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். நுழைவுத் தேர்வுக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சண்டை உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றுத் திரும்பியிருக்கிறது.

அதற்கும் பின்னால் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கு: சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன், 1951 ஏப்ரல் 9. வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்து, அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழிவகுத்த தீர்ப்பு. இதைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தும் மூலத்தை வரிவரியாக அதுவரை வாசித்ததில்லை. மாநிலம் முழுவதும் இருந்த மருத்துவ இடங்கள் 330. அதில் 17 வெளிமாநிலத்தாருக்கு, 12 அரசின் விருப்ப ஒதுக்கீட்டுக்கு. மீதியை 14 இடங்களுக்கு ஒரு சுற்று என்று வைத்துப் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று நிரப்பினார்கள். கூடவே வழக்குப் போட்ட சி.ஆர். சீனிவாசன் பொறியியல் கல்லூரியில் இடம் கேட்டவர். இன்டர்மீடியட்டில் கணக்கில் எடுக்கப்பட்ட விருப்பப் பாடங்களில் அவர் வாங்கியது 450க்கு 369. அவருடைய மதிப்பெண் இன்றைக்கும் அச்சில் இருக்கிறது.

செண்பகத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வது வேறு. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் தமக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருந்தார். வழக்கில் வென்றால் ஓர் இடம் ஒதுக்கித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டதால் நீதிபதிகள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் விண்ணப்பிக்காத ஒருவர் இப்படி வழக்குத் தொடுப்பதைத் தாங்கள் ஆமோதிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்தார்கள்.

விண்ணப்பிக்காதவரின் பெயர் இந்திய அரசமைப்பு வரலாற்றில் நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் விண்ணப்பித்து, காத்திருந்து, கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் யார்? எந்தப் பள்ளி, எத்தனை மதிப்பெண், பிறகு என்ன ஆனார்கள்? அதற்கு ஒரு வரி இல்லை. நான் நம்பியிருந்த சட்ட அறிக்கைகளின் எல்லை இந்த இடத்தில் தெரிந்தது. வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தவர்களின் மதிப்பெண்ணை மட்டும் அவை காப்பாற்றின. 1951இலும் அப்படித்தான், 1970இலும் அப்படித்தான்.

அந்த நகரம், கிராமம் சண்டை 2005க்குப் பிந்திய வழக்குகளில் திரும்ப வந்தது. 2005 ஜூனில் நுழைவுத் தேர்வை நீக்கி அரசாணை வந்தது. அதே மாதம் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2006 தொடக்கத்தில் சட்டமாகக் கொண்டுவந்தார்கள், அதுவும் நிற்கவில்லை. ஆட்சி மாறிய பிறகு முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2006 டிசம்பரில் மசோதா நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் சட்டமாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. 1968இல் வாயால் சொன்ன வாதம் தோற்றது. 2007இல் குழுவின் அறிக்கையும் ஒப்புதலும் துணைக்கு இருந்தபோது நின்றது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி மதிப்பெண் சமன்செய்யும் பிரிவு. வெவ்வேறு பாடத்திட்டத்தில் படித்தவர்களை எப்படி ஒப்பிடுவது என்பதற்குச் சட்டமே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறது. இயற்பியலில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால் இரண்டும் 100 என்று கொள்ளப்படும். அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66. பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய கணக்கு. தன் மதிப்பெண் எப்படி வந்தது என்பதை எந்த மாணவரும் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த 75 மதிப்பெண்ணோடு இதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது புரியும்.

பிறகு நீட். 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் ரத்து செய்த அந்தத் தேர்வு, 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டதால் உயிர்பெற்றது. 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று இழந்தோம். அந்த 1,176 தமிழ்நாடு முழுக்கப் பலருக்கு மனப்பாடம். 2021இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு பயிற்று மொழி, பள்ளி வகை, ஊர் என்று பிரித்து அட்டவணைகள் போட்டது. நீட்டுக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று எண்களோடு பேச முடிந்தது அதனால்தான். அந்த ஒப்பீடு 2010–11இல் தொடங்குகிறது.

அதாவது, என் தலைமுறை எழுதிய தேர்வின் காலம் முழுவதும் அந்த அட்டவணைகளுக்கு வெளியே இருக்கிறது. தமிழ் வழியில் படித்து அந்தத் தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர், அரசுப் பள்ளிக்காரர்கள் எத்தனை, முதல்முறையே இடம் கிடைத்தவர்கள் எத்தனை என்று கேட்டு நான் ஏறிய ஓர் அலுவலகத்தில், காப்புக்காலம் முடிந்த பதிவேடுகளைக் கழித்துவிடுவது வழக்கம் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைப் பல்கலைக்கழக நாட்காட்டிகளில் அந்தக் காலத்துத் தேர்வு வினாத்தாள்கள் அச்சிட்டபடியே கிடைக்கின்றன. நான் எழுதிய வினாத்தாளைத் தேடி நண்பர்கள் வீட்டுப் பரண்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

பரண்கள் ஏமாற்றவில்லை. ஹால் டிக்கெட், தரவரிசைக் கடிதம், கோச்சிங் சென்டர் கொடுத்த கைடு, கவுன்சலிங் அழைப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. ஒரு தோழி தன் அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். சென்னை போய்வரச் செலவு, ரயில் கட்டணம், விடுதிக்கு முன்பணம் என்று அவருடைய அப்பா பென்சிலில் கூட்டிப் பார்த்திருந்தார். எந்த அரசாணையும் எந்தத் தீர்ப்பும் எனக்குச் சொல்லாத செய்தி அந்தக் கணக்கில் இருந்தது. சேர்க்கை முறையைப் பற்றிப் பேசுகிற எந்தக் குழுவும் பார்த்திருக்க வேண்டிய ஆவணம் அது.

ஆகவே, நான் கேட்ட இரண்டு பேச்சும் சரியில்லை. முன்னால் இருந்தது குற்றமற்ற மதிப்பெண் முறையும் அல்ல. நாம் முன்பே ஒரு நுழைவுத் தேர்வை வைத்திருந்தோம் என்பது இன்னொன்றுக்கு அத்தாட்சியும் ஆகாது. வைத்திருந்தோம், கிராமத்துப் பிள்ளைகளை அது பின்னுக்குத் தள்ளியது என்று கண்டோம், இரண்டு முறை நீதிமன்றத்தில் தோற்று, மூன்றாம் முறை நீக்கினோம்.

1984க்கும் 2006க்கும் இடையில் அந்தத் தேர்வை எழுதியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஹால் டிக்கெட்டையும் மதிப்பெண் அட்டையையும் அழைப்புக் கடிதத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இடம் கிடைக்காதவர்கள் முக்கியமாக வைத்திருங்கள். உங்களைப் பற்றித்தான் எங்கும் ஒரு பதிவும் இல்லை. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த வழிக் கல்வி, கோச்சிங் போனீர்களா, பிறகு என்ன படித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதோடு இணையுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் களஞ்சியத்தை அணுகி, அவற்றைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.