மெத்தை தைப்போர்

மெத்தை தைப்போர் என்போர் பஞ்சு, தேங்காய் நார், ரப்பர் நுரை போன்றவற்றை உறைக்குள் அடைத்து மெத்தை, தலையணை, திண்டு, நாற்காலி இருக்கை ஆகியவற்றைச் செய்பவர்கள். பழையனவற்றைப் பிரித்துப் புதுக்கித் தருபவர்களும் அவர்களே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2008இல் வெளியிட்ட தொழில் வகைப்பாட்டில் சோபா வேலை செய்பவர், வண்டி இருக்கை தைப்பவர், மெத்தை தைப்பவர் மூவருக்கும் 7534 என்ற ஒரே எண்தான். நம் ஊர்க் கடைப் பலகைகளும் 'மெத்தை, குஷன், சீட் கவர்' என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. இந்தத் தொழிலில் மதிப்பு முழுவதும் வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது. மேல்துணியை யாரும் பார்க்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அடைத்தவர் மட்டுமே அறிவார்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்து, மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கும் அவலூர்பேட்டை போன்ற சந்தை ஊர்களில் இந்தத் தொழிலின் பழைய முறையைப் புரிந்துகொள்வது எளிது. பேட்டை என்ற சொல்லே சந்தை கூடும் இடத்தைக் குறிக்கும். நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலையை இந்தப் பக்கத்தார் அப்படித்தான் சொல்வார்கள்) கை மாறும் ஊரில் கோணிக்கும் சணல் கயிற்றுக்கும் பஞ்சமில்லை. மெத்தை தைப்பவருக்கு முதலில் வேண்டியவை அவைதான். பெரிய நகரத்துச் சோபாப் பட்டறைக்குரிய வேலை இங்கே குறைவு. கல்யாணத்துக்கு ஒரு சோடி மெத்தை, வீட்டில் அமுங்கிப்போன தலையணை, டிராக்டர் சீட்டு, பைக் சீட்டு, கிழிந்த நாற்காலி என்று கலந்து வரும் வேலையே வயிற்றைக் கழுவுகிறது.

சொற்கள்

மெத்தை என்ற சொல் 'மெத்தென்று' இருப்பதிலிருந்து வந்தது. மாடி கட்டிய வீட்டை மெத்தை வீடு என்பதும் உண்டு. அணை, சேக்கை, அமளி, தவிசு, பஞ்சணை என்று பழந்தமிழில் படுக்கைக்கும் இருக்கைக்கும் சொற்கள் ஏராளம். அவற்றுள் 'அணை' தலையணையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உருண்டையான சாய்மானம் திண்டு. திண்டுக்கல் ஊரின் பெயருக்கே, அங்குள்ள மலை திண்டைப் போலக் கிடப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். பஞ்ச சயனம் என்பதை இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தின் தூவி ஆகிய ஐந்தால் ஆன படுக்கை என்று விளக்குவது ஒரு மரபு. குளிர்ச்சி, மென்மை முதலிய ஐந்து குணங்கள் உடையது என்று விளக்குவது மற்றொன்று. முதல் விளக்கத்தைப் படிக்கையில் அதைச் சொன்னவர் ஒரு மெத்தை தைப்பவரைக் கேட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றும்.

பழமை

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் விரிவாகப் பேசப்படுகிறது. யானைத் தந்தத்தால் ஆன கட்டில். அதன் மேல் அன்னத்தின் தூவி அடைத்த அணை. அரண்மனைக்கு அன்னத் தூவி என்றால் மற்றவர்க்குப் பஞ்சு. பஞ்சை வில்லால் அடித்துப் பிரிக்கும் வேலையும் சங்கப் புலவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நற்றிணையின் 299ஆம் பாடல், காற்று மோதிச் சிதறும் கடல் நுரைக்கு வில்லால் அடிபட்டு எழும் பஞ்சை உவமையாக்குகிறது. பஞ்சு வில் இடைக்காலத்தில் வடமேற்கிலிருந்து வந்தது என்று எழுதிய வரலாற்றாளர்கள் உண்டு. தென்னாட்டைப் பொறுத்தவரை அந்தக் கருத்தை ஏற்க இந்தப் பாடல் இடங்கொடுக்காது. பார்த்துப் பழகாத ஒன்றை உவமையாக யாரும் சொல்லமாட்டார்கள்.

வில்லைக் கையாண்டவர்கள் பல வட்டாரங்களில் தனிச் சமூகமாகவே இருந்தார்கள். ஆந்திரத்தில் தூதேகுலா, கர்நாடகத்தில் பிஞ்சார் அல்லது நதாப், தமிழில் பஞ்சுக்கொட்டி என்று பெயர். பெரும்பாலும் இஸ்லாமியர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் இவர்களைப் பற்றிய குறிப்பு உண்டு. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியர் பட்டியலில் தூதேகுலா இன்றும் இடம்பெறுகிறது. ஆள் உயர வில், அதில் முறுக்கேற்றிய நரம்பு, அதை அடிக்க இரு முனையும் பருத்த ஒரு மரக்கட்டை. நரம்பு பஞ்சுக்குள் அதிரும்போது கட்டி கட்டியாக இறுகியிருந்த பஞ்சு புகைபோல எழும்பும். தெருக்கோடியில் அந்த நரம்பு அதிரும் ஒலி கேட்டதும் பெண்கள் பழைய தலையணைகளை எடுத்துவந்து திண்ணையில் போடுவார்கள். மின்சாரத்தில் ஓடும் பஞ்சு அடிக்கும் இயந்திரம் வந்தபின் வில் ஒதுங்கிவிட்டது.

இலவம்பஞ்சு

தமிழ்நாட்டு மெத்தையின் உயிர் இலவம்பஞ்சு. இலவ மரம் பங்குனி, சித்திரை வெயிலில் காய் முற்றி வெடிக்கும். பழுக்கும் என்று காத்திருந்த கிளி பஞ்சு பறப்பதைப் பார்த்து ஏமாந்த கதை 'இலவு காத்த கிளி' என்று மொழியிலேயே தங்கிவிட்டது. வியாபாரியோ காய் வெடிக்கும்வரை காத்திருப்பதில்லை. நெற்றாகும் பருவத்திலேயே துரட்டியால் பறித்து, களத்தில் காயவைத்து உடைப்பார்கள். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இந்தப் பஞ்சுக்கும் மெத்தைக்கும் பெயர்பெற்ற ஊர். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்துக் காய்கள் அங்கே வந்து சேர்கின்றன.

ஒரு காயை உடைத்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் காரணம் விளங்கும். பருத்தியில் இழை விதையைப் பற்றிக்கொண்டு வளரும். பிரிக்க அரவை வேண்டும். இலவத்தில் இழை காயின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. மிளகுபோன்ற கருவிதைகள் பஞ்சுக்குள் சும்மா கிடக்கின்றன. உதறினாலே கீழே விழுந்துவிடும். இழை பட்டுப்போல வழவழப்பானது, உள்ளே குழாய்போல வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. பருத்தி இழைக்கு இயல்பிலேயே ஒரு முறுக்கு உண்டு. அதனால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நூலாகும். இலவுக்கு அந்த முறுக்கு இல்லை, நீளமும் போதாது. நூற்க முயன்றால் கையிலிருந்து நழுவி ஓடும். ஆகவே நெசவாளியிடம் போகவேண்டிய பஞ்சு மெத்தை தைப்பவரிடம் வந்து சேர்ந்தது. குழாய்க்குள் அடைபட்ட காற்றுதான் அதன் இலேசுக்கும் காரணம், 'சூட்டைத் தணிக்கும்' என்ற நம்பிக்கைக்கும் காரணம்.

நீர் உள்ளே புகாத இந்தக் குணத்தால் தன் எடையைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கை நீரில் தாங்கும் என்பார்கள். செயற்கை நுரைகள் வருமுன் கப்பல்களில் உயிர்காப்பு உடைகளை அடைத்தது இதுதான். உலகச் சந்தைக்கு அன்று முதன்மையாக அனுப்பியது ஜாவாத் தீவு. 1942இல் ஜப்பான் அதைப் பிடித்ததும் வரத்து நின்றது. அமெரிக்கா தன் பள்ளிப் பிள்ளைகளைச் சாலையோரத்துக் காட்டுச் செடிகளின் பஞ்சைப் பொறுக்கச் சொன்னது. இரண்டு பை காய் சேர்த்தால் ஓர் உயிர்காப்பு உடை. அந்தச் செடி நம் எருக்குக்கு ஒரே குடும்பத்து உறவு. எருக்கம்பஞ்சையும் பூளைப்பூவையும் தலையணையில் அடைத்த நம் கிராமத்துப் பாட்டிமார்களுக்கு இந்தச் செய்தி வியப்பளித்திருக்காது.

மெத்தை உருவாகும் விதம்

ஒற்றைக் கட்டில் மெத்தைக்கு 10 முதல் 15 கிலோ பஞ்சு போகும். கோடு போட்ட கெட்டித் துணியில் உறை தைத்து, ஒரு பக்கம் வாய் விட்டுவைப்பார்கள். நெசவு நெருக்கமாக இல்லாவிட்டால் இலவம்பஞ்சு துணியின் கண்ணிலேயே வெளியேறிவிடும். அதனால் துணி தேர்வதிலேயே பாதிக் கைத்திறன் அடங்கியிருக்கிறது. அடைப்பது மூலைகளிலிருந்து தொடங்கும். கை எட்டாத இடத்துக்கு மழுங்கிய கழி. மூலை நிறையாமல் நடுவை நிரப்பினால் ஒரே மாதத்தில் மெத்தை படகுபோலக் குழிந்துவிடும். எல்லாம் அடைத்து வாயைத் தைத்தபின் மேலிருந்து கழியால் தட்டிச் சமப்படுத்துவார்கள். பிறகுதான் ஊசி வேலை. சாண் நீளத்துக்கும் மேலான மெத்தை ஊசியில் மெழுகு தடவிய நூலைக் கோத்து, மேலிருந்து செங்குத்தாகக் குத்தி அடியில் எடுத்து, மீண்டும் மேலே ஏற்றி இழுத்து முடிச்சிடுவார். முடிச்சின் அடியில் சிறு துணிவில்லை அல்லது நூற்குஞ்சம். இந்தக் குழிகள் அழகுக்கானவை என்று நினைப்பவர் பலர். உண்மையில் பஞ்சு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓடாமல் பிடித்துவைக்கும் வேலி அவை. இழுப்பு எல்லா முடிச்சிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அளவுகோல் கிடையாது, விரலில் நூல் அறுக்கும் வலிதான் அளவு.

நான்கைந்து ஆண்டு கழித்து மெத்தை இறுகும். அப்போது அதைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து, குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்த்து மீண்டும் தைப்பார்கள். இந்தத் திரும்பி வரும் வேலைதான் தொழிலின் முதுகெலும்பு. அதில் ஓர் எழுதாத ஒழுங்கு இருந்தது. பழைய மெத்தையை வீட்டுக்காரர் கண்ணெதிரே, அவர் வீட்டுத் திண்ணையிலோ வாசலிலோதான் பிரிக்கவேண்டும். நல்ல இலவம்பஞ்சை எடுத்துக்கொண்டு ஆலைக் கழிவுப் பஞ்சை அடைத்துத் தருவது சுலபமான ஏமாற்று. நேர்மையான தொழிலாளிக்கும் அந்தத் திண்ணையே காப்பு. தன் கையைச் சந்தேகிக்க அவர் இடமே கொடுப்பதில்லை.

தை முதல் வைகாசி வரை முகூர்த்த மாதங்களில் சீர்வரிசைக்குக் கட்டிலும் மெத்தையும் கேட்டு வருவார்கள். புதுப்பஞ்சு இறங்குவதும் அந்தப் பருவத்தின் கடைசியில்தான். ஆடியில் கல்யாணமில்லை, ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சு ஈரம் வாங்கும், காயவைக்க வெயில் இராது. ஆண்டில் பாதி நாள் வருமானம் மெலிந்துதான் இருக்கும்.

நாற்காலியும் சோபாவும்

இருக்கை வேலை ஆங்கிலேயர் காலத்து அலுவலகங்களோடும் பங்களாக்களோடும் பரவியது. மரச்சட்டத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக நாடா, அதன் மேல் சுருள்வில்கள், எட்டுத் திசையிலும் சணல் கயிற்றால் கட்டு, மேலே கோணி, தேங்காய் நார், பஞ்சு, வெள்ளைத்துணி, கடைசியில் மேல்துணி. பழைய கைவேலைக்காரர் சின்ன ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து அடிப்பார். இப்போது காற்றழுத்தத் துப்பாக்கி நொடியில் கம்பி அடிக்கிறது. ரெக்சின் என்று நாம் சொல்வது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் செயற்கைத் தோல் செய்த ஒரு கம்பெனியின் பெயர். சரக்கு மாறியும் பெயர் மட்டும் நம் தையல் கடைகளில் நிலைத்துவிட்டது.

பிரம்பு பின்னிய இருக்கை நம் வெப்பத்துக்கு இவற்றைவிட ஏற்றது என்பதே இந்தக் கட்டுரையின் துணிபு. காற்று ஊடுருவும், வேர்வை தங்காது, மூட்டைப்பூச்சிக்கும் மறைவிடம் குறைவு. எண்கோணக் கண் விழும்படி பின்னும் இந்த வேலையை விரல்நுனியாலேயே செய்ய முடியும் என்பதால், பார்வையற்றோர்க்கான தொழிற்பயிற்சிகளில் நாற்காலி பின்னுதல் நெடுங்காலம் இருந்தது. பிரம்புப் பொருள்களுக்கு மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் பெயர்பெற்றது.

நுரை வந்தபின்

ரப்பர் பாலிலிருந்து நுரை மெத்தை செய்யும் முறையை டன்லப் கம்பெனி 1929இல் கண்டது. அதனால்தான் பெரியவர்கள் இன்னமும் 'டன்லப் மெத்தை' என்கிறார்கள். 1937இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனை உருவாக்கினார்; 1950களில் அதன் நுரை விற்பனைக்கு வந்தது. கடைக்காரர் '32 டென்சிட்டி, 40 டென்சிட்டி' என்பது ஒரு கன மீட்டர் நுரையின் எடை, கிலோவில். எண் குறைந்தால் விரைவில் அமுங்கும். நுரை இலேசானது, தூசி பறக்காது, வேலை ஒரு மணியில் முடியும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் அமுங்கிய நுரையை அடித்து எழுப்ப முடியாது. அது குப்பைக்குத்தான் போகவேண்டும். திரும்பி வரும் வேலை அதோடு நின்றது. தொழிலாளியை அடித்தது நுரையின் விலை அல்ல, இதுதான்.

உடலும் உரிமையும்

பஞ்சடிக்கும்போது தொழிலாளி மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்கிறார். மாலையில் புருவம்வரை வெளுத்திருக்கும். பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற மூச்சு நோய், 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்சார் நோயாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் முதலாளியிடம் இழப்பீடு கேட்கச் சொன்னது. திண்ணையில் உட்கார்ந்து தைப்பவருக்கு முதலாளி யார்? இலவம்பஞ்சு பொசுக்கென்று தீப்பற்றும் என்பது மற்றோர் ஆபத்து. 2023இல் தொடங்கிய ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையற்காரர் உண்டு, பாய் முடைபவர் உண்டு, மெத்தை தைப்பவர் என்ற பெயர் தனியாக இல்லை. தனிப் பெயரோடு பட்டியலில் ஏற்றுவது அரசுக்குப் பெருஞ்செலவு அல்ல.

வாங்குபவர் கவனத்துக்கு

இலவம்பஞ்சு மெத்தை வாங்கும்போது ஒரு மூலைத் தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி முகம் சுளிக்கமாட்டார். இலவு இளமஞ்சள் மினுக்கோடு விரலில் வழுக்கும். கழிவுப் பருத்தி ஒட்டிக்கொள்ளும். ஒரு குவளைத் தண்ணீரில் போடுங்கள். பருத்தி நனைந்து மூழ்கும். இலவம்பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும்.