படியும் மூலமும்: மெக்கன்சி சுவடிகள் காக்கப்பட்ட வரலாறு

நைந்த ஓலையை வேறோலையில் படியெடுத்துக் காப்பது முன்னோர் வழக்கம். நஞ்சீயர் அருளிய ஒன்பதினாயிரப்படி காவிரி வெள்ளத்தில் போய்விட, நம்பிள்ளை அதனைத் தம் நினைவிலிருந்தே மீண்டும் எழுதிச் சமர்ப்பித்தார் என்று குருபரம்பரை கூறும். அங்கே ஏடு போயிற்று, பொருள் நின்றது. சரித்திர ஆவணமாகிய காகிதத்துக்கும் இந்நியாயம் பொருந்துமா என்பது விசாரிக்கத்தக்கது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலுள்ள மெக்கன்சி தொகுதி இதற்குத் தக்க உதாஹரணம்.

நில அளவைத் துறைத் தலைவராயிருந்த கர்னல் காலின் மெக்கன்சி, காவலி வேங்கட போரய்யா, அவர் தம்பி லக்ஷ்மய்யா முதலியோரின் துணைகொண்டு, கோயில் வரலாறுகளையும் சாசனப் படிகளையும் ஊர்க் கைபீதுகளையும் திரட்டினார். அவர் 1821இல் மறைந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனி அத்தொகுதியை 1,00,000 ரூபாய்க்கு வாங்கியது. 1828இல் எச். எச். வில்சன் அதற்கு அட்டவணை வெளியிட்டார். தென்னாட்டு மொழிச் சுவடிகள் சென்னைக் கல்லூரி நூலகத்தை அடைந்தன. எழுதப்பட்டுச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்தும், காகிதங்கள் பல பூச்சியரித்தும் மை மங்கியும் கிடந்தன. பாதிரியார் வில்லியம் டெய்லர் 1837 முதல் அவற்றை ஆராய்ந்து, அழியும் நிலையிலிருந்தவற்றைப் புதிய தாள்களில் படியெடுப்பித்தார். அவர் செய்தது பேருபகாரம்.

படி கிடைத்தபின் மூலம் எதற்கு என்னில்: படி வாசகத்தைத் தரும். எழுதியவன் கையெழுத்து, அடித்தல் திருத்தல், ஓரக்குறிப்பு, தாளின் இயல்பு ஆகிய சாக்ஷிகளைத் தாராது. படியெடுப்போன் ஓரூரின் பெயரைப் பிறழ வாசித்திருப்பின், அதனைக் காட்டவல்லது மூலம் ஒன்றே.

மூலத்தைக் காப்பதற்கு முதலில் மையை அறிதல் வேண்டும். மாசிக்காயும் அன்னபேதியும் கூட்டிச் செய்த மை நாளடைவில் தாளையே அரித்து எழுத்துருவில் துளைக்கும். விளக்குக்கரி மை தாளை அரியாது. ஆயின் ஈரம் பட்டால் கலையக்கூடும். ஆகையால் ஒன்றுக்கு ஏற்ற சிகிச்சை மற்றொன்றுக்குக் கேடாம். சென்ற நூற்றாண்டில் ஆவணக் காப்பகங்கள் பல, நைந்த தாளின் இருபுறமும் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தை ஒட்டின. அப்படலம் தானும் சிதைந்து, பிரித்தெடுக்கவும் அரிதாயிற்று. இக்காலத்தார் நீண்ட நாருடைய மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டுகின்றனர். வேண்டுமாயின் ஈரப்பதமூட்டி அதனைப் பிரிக்கலாம். பின்வருவோர் மாற்றத்தக்கதாகவே எச்செப்பனிடலும் அமைய வேண்டும் என்பது இத்துறையின் நெறி.

நம்பிள்ளை எழுதியதை ஒப்புநோக்க, மூலம் அருளிய நஞ்சீயரே எதிரில் எழுந்தருளியிருந்தார். டெய்லர் எழுதுவித்த படிகளை ஒப்புநோக்க இன்று மெக்கன்சி இல்லை, போரய்யாவும் இல்லை. எஞ்சியிருக்கும் நைந்த காகிதமே அவர்கள் ஸ்தானத்தில் நின்று சாக்ஷி சொல்லவேண்டும். ஆகையால் படியும் மூலமும் ஒருசேரக் காக்கத்தக்கன.