விட்கென்ஸ்டைன் வீட்டின் கதவுக் கைப்பிடிகள்

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் 1926 முதல் 1928 வரை கட்டப்பட்ட ஒரு வீட்டுக்காகத் தனியே வடிவமைக்கப்பட்ட கைப்பிடிகள் இவை. வடிவமைத்தவர் தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் (1889–1951). வீடு அவருடைய அக்கா மார்கரெத் ஸ்டோன்பரோவுக்காகக் கட்டப்பட்டது. பொதுவாகப் புது வீடு கட்டுவோர் கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் கடைசியில்தான் யோசிப்பார்கள். கையிருப்புப் பணம் கரைந்த பிறகு, கடையில் இருப்பதில் ஒன்றை எடுத்துப் பொருத்துவார்கள். இந்த வீட்டில் அந்த வரிசை தலைகீழானது.

பின்னணி

லுட்விக்கின் தந்தை கார்ல் விட்கென்ஸ்டைன் ஆஸ்திரியாவின் பெரும் எஃகு முதலாளிகளில் ஒருவர். 1913-இல் அவர் இறந்தபின் பிள்ளைகளுக்குப் பெருஞ்சொத்து வந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய லுட்விக் தன் பங்கு முழுவதையும் 1919-இல் உடன்பிறந்தவர்களுக்கே கொடுத்துவிட்டு, கீழ் ஆஸ்திரியாவின் மலையூர்களில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1926 ஏப்ரலில் அவர் அடித்ததில் ஒரு மாணவன் மயங்கி விழ, வேலையை விட்டு விலகினார். அதன்பின் சில காலம் ஒரு மடாலயத்தில் தோட்ட வேலை செய்தார். அவ்வாண்டு ஜூனில் தாயும் இறந்தார்.

மார்கரெத் வீட்டுப் பொறுப்பை ஏற்கெனவே பால் எங்கல்மன் என்ற கட்டடக்கலைஞரிடம் கொடுத்திருந்தார். எங்கல்மன் அடால்ஃப் லோஸின் மாணவர். போர்க்காலத்தில் ஓல்முட்ஸ் நகரில் லுட்விக்கின் நண்பரானவர். மனம் உடைந்திருந்த தம்பிக்கு ஒரு வேலை தரவேண்டும் என்ற எண்ணமும் சேர, லுட்விக் இந்தப் பணிக்குள் வந்தார். கட்டடக்கலை அவர் படித்ததல்ல. ஆனால் பெர்லினில் இயந்திரப் பொறியியலும் மான்செஸ்டரில் வானூர்திப் பொறியியலும் பயின்றவர். எங்கல்மன் போட்ட அடிப்படைத் திட்டத்தை அவர் பெரிதும் மாற்றவில்லை. அளவுகளின் விகிதம், கதவு, சன்னல், பூட்டு, கைப்பிடி, அறைவெப்பக் குழாய்கள் ஆகியவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வீட்டின் உண்மையான ஆசிரியர் விட்கென்ஸ்டைன்தான் என்று எங்கல்மனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

கைப்பிடியும் தாழும்

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் தாழ்ப்பாள் கதவின் மேல் தெரியும்படி இருக்கும். கைப்பிடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐரோப்பிய அறைக்கதவில் இரண்டும் ஒரே அமைப்பு. கதவின் விளிம்பில் குடைந்து ஒரு பூட்டுப் பெட்டி பொருத்தப்படும். அதன் ஊடாக ஒரு சதுரக் கம்பி கதவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும். கைப்பிடியை அழுத்தினால் கம்பி திரும்பி, சுருள்வில்லால் தள்ளப்பட்டிருக்கும் தாழின் நாக்கை உள்ளே இழுக்கும். கையை எடுத்தால் நாக்கு வெளியே வரும். நாக்கின் ஒரு முகம் சரிவாக இருப்பதால், கதவைத் தள்ளினாலே அது நிலையில் வழுக்கிச் சென்று குழியில் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

இக்கைப்பிடிகளின் அடியில் வழக்கமாக ஒரு தகடு இருக்கும். வட்டமாகவோ நீளமாகவோ, பூவேலையுடனோ இல்லாமலோ இருக்கும் அந்தத் தகடு அழகுக்காக மட்டும் வைத்ததன்று. தச்சர் குடைந்த துளை சற்றுப் பெரிதாகிவிட்டாலும் கோணலானாலும் தகடு அதை மறைத்துவிடும். விட்கென்ஸ்டைன் தகட்டை நீக்கினார். வெறும் உருண்டைக் கம்பியை வளைத்ததுபோன்ற கைப்பிடி நேராகக் கதவுச் சட்டத்துக்குள் நுழைகிறது. சாவித்துளையும் அப்படியே, மூடியோ சுற்றுவளையமோ இல்லாமல் தனியாக நிற்கிறது. முதன்மைத் தளத்தின் கதவுகள் எஃகும் கண்ணாடியும் கொண்டவை. அவற்றின் சட்டம் ஒடுங்கலானது. அந்த ஒடுக்கத்துக்குள் பூட்டுப் பெட்டியை அடக்கி, கைப்பிடியின் பருமனுக்குச் சரியாகத் துளையிட வேண்டும். தகடு போனதால் பிழையை மறைக்க இடமே இல்லாமல் போயிற்று. எளிமையாகத் தெரியும் அந்தக் கைப்பிடி செய்வதற்கு ஏன் அவ்வளவு கடினம் என்பதன் விடை இதில் இருக்கிறது.

மில்லிமீட்டர் கணக்கு

மூத்த அக்கா ஹெர்மீனே 1940-களில் எழுதிய குடும்ப நினைவுக்குறிப்புகள்தான் இந்த வேலையைப் பற்றிய முக்கியச் சான்று. அவர் நினைவுகூரும் நிகழ்ச்சிகளில் ஒன்று பலரால் மேற்கோள் காட்டப்படுவது. சாவித்துளை ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்த பூட்டுத் தொழிலாளி, ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி இருந்தால் அவ்வளவு முக்கியமா என்று விட்கென்ஸ்டைனைக் கேட்டார். கேள்வி முடிவதற்குள் ஆமாம் என்று வந்த உரத்த பதிலில் அவர் திடுக்கிட்டுப் போனார். கதவு, சன்னல்களைச் செய்ய முன்வந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், கேட்டபடி செய்ய முடியாமல் பேச்சுவார்த்தையின் நடுவே அழுதுவிட்டார் என்றும் ஹெர்மீனே எழுதியுள்ளார். வெப்பக் குழாய்களுக்கான வார்ப்புகளை ஆஸ்திரியாவில் செய்ய ஆளில்லாமல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். வீட்டைக் கழுவித் துடைக்கத் தொடங்கிய பிறகு, பெரிய அறையொன்றின் கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார் விட்கென்ஸ்டைன். உயர்த்தினார்கள்.

கைப்பிடிகளுக்கு ஓராண்டு, வெப்பக் குழாய்களுக்கு ஓராண்டு எடுத்துக்கொண்டார் என்ற செய்தி பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மொத்தக் கட்டுமானமே இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக நடந்ததுதான். ஆகவே இதை அப்படியே கணக்கில் எடுத்தால் சுவர் எழுப்ப நாளே மிஞ்சாது. வேலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தே நடந்திருக்க வேண்டும்.

இந்தக் கறார்த்தனத்தின் சுமை தொழிலாளர்கள் மீதும் மேற்பார்வையாளர்கள் மீதும் விழுந்தது. பணியில் இருந்த ஜாக் க்ரோக் என்ற பொறியாளர், நாள்தோறும் நடந்த வாக்குவாதங்களால் தலைவலியோடு வீடு திரும்புவதாகத் தன் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். செலவு முழுவதும் மார்கரெத்துடையது. தன் சொத்தைத் துறந்த மனிதர் அக்காவின் பணத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. விட்கென்ஸ்டைனைத் துறவியாகவே காட்டும் வாழ்க்கைக் குறிப்புகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

அதே காலத்தின் இன்னொரு கைப்பிடி

பூவேலைகளைத் துறக்கும் போக்கு அப்போது ஐரோப்பா எங்கும் இருந்தது. ஜெர்மனியில் வால்டர் க்ரோபியஸும் அடால்ஃப் மேயரும் 1920-களின் தொடக்கத்தில் ஒரு கைப்பிடியை வடிவமைத்தனர். வளைந்த சதுரக் கம்பியும், கை பிடிக்கும் இடத்தில் உருளையும் கொண்டது அது. 1926-இல் திறக்கப்பட்ட டெஸ்ஸாவ் பௌஹவுஸ் கட்டடத்திலும் அதுவே பொருத்தப்பட்டது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து எந்த வீட்டுக்கும் விற்கலாம் என்பது அதன் நோக்கம். வியன்னாக் கைப்பிடியும் பார்வைக்கு அதன் உறவுக்காரர்போல் இருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு வீட்டின் கதவுச் சட்டத்தை அளந்து செய்யப்பட்டது. தோற்றத்தை வைத்து இரண்டையும் ஒரே இயக்கமாகச் சேர்ப்பது சரியாகாது.

குடியிருந்தவர்கள்

வீட்டின் முதன்மை அறைகளில் கம்பளமோ துணித்திரையோ சரவிளக்கோ கிடையாது. கூரையிலிருந்து வெறும் மின்விளக்கு தொங்கியது. திரைச்சீலைக்குப் பதிலாகத் தரைக்குள் இறங்கும் உலோகத் திரைகள் இருந்தன. மார்கரெத்துக்கு அது பிடித்திருந்தது. 1928 இறுதியில் குடிபுகுந்தார். ஹெர்மீனே வீட்டை வியந்து எழுதினாலும், தன்னால் அங்கே வாழ முடியாது, அது தன்னைப் போன்ற மனிதர்களுக்கானதல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். விட்கென்ஸ்டைனும் 1940 வாக்கில் எழுதிய குறிப்பொன்றில், வீடு நுண்ணுணர்வாலும் நல்ல பண்பாட்டாலும் விளைந்ததுதான், ஆனால் அதில் ஆதி உயிர்த்துடிப்பு இல்லை என்ற பொருளில் மதிப்பிட்டார்.

அவர் இறந்தபின் 1953-இல் வெளியான ‘தத்துவ ஆய்வுகள்’ நூலில் ரயில் எஞ்சின் அறையின் கைப்பிடிகள் ஓர் எடுத்துக்காட்டாக வருகின்றன. எல்லாம் கையால் பிடிக்க வேண்டியவை என்பதால் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு விதத்தில் இயங்குகிறது என்பது அங்குள்ள கருத்து. சொற்களும் அப்படித்தான் என்று வாதம் நகர்கிறது. இதை வியன்னாக் கதவுகளோடு நேராக முடிச்சுப் போடுவது மிகை. இயந்திரங்களோடு பழகிய கையின் நினைவு என்று கொண்டால் போதும்.

பின்வரலாறு

மார்கரெத் 1940-இல் அமெரிக்கா சென்று, போருக்குப் பின் திரும்பி, 1958-இல் வியன்னாவில் இறந்தார். பின்னர் அவர் மகன் வீட்டை விற்றார். வாங்கியவர் அதை இடிக்க இருந்த நிலையில், கட்டடக்கலைஞர் பெர்ன்ஹார்ட் லைட்னர் முன்னின்று நடத்திய முயற்சியால் 1971-இல் அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1975-இல் பல்கேரிய அரசு வாங்கியது. உள்ளே சில மாற்றங்களுடன் அந்நாட்டின் பண்பாட்டு நிறுவனம் அங்கு இயங்குகிறது. ஒரே வீட்டுக்காகச் செய்த அந்தக் கைப்பிடியின் பிரதிகளும் இப்போது ஐரோப்பியக் கைப்பிடிப் பட்டியல்களில் விற்பனைக்கு வந்துவிட்டன.