அலைன் ஆஸ்பெக்ட்

அலைன் ஆஸ்பெக்ட் (பிறப்பு: சூன் 15, 1947) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். குவாண்டம் பின்னல் குறித்த சோதனைகளுக்காக அறியப்படுகிறார். 2022 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு இவருக்கும், அமெரிக்கரான ஜான் கிளாசர், ஆஸ்திரியரான அன்டன் சைலிங்கர் ஆகியோருக்கும் கூட்டாக வழங்கப்பட்டது.

வாழ்க்கை

தென்மேற்குப் பிரான்சிலுள்ள ஆஜென் நகரில் பிறந்தார். கஷான் உயர் ஆசிரியப் பள்ளியில் பயின்றார். 1971 முதல் 1974 வரை கமரூனில் ஆசிரியராகப் பணியாற்றியபோது குவாண்டம் இயங்கியலைத் தாமாகவே ஆழ்ந்து கற்றார். பின்னர் பாரிசுக்கு அருகே ஓர்சேயில் உள்ள ஒளியியல் கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார்.

பின்னணி

பின்னலுற்ற இரு துகள்களில் ஒன்றை அளந்தால், தொலைவிலுள்ள மற்றொன்றின் அளவீட்டு முடிவையும் முன்கூட்டியே அறிய இயலும். இதனைக் கொண்டு குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என 1935 இல் ஐன்ஸ்டைன் வாதிட்டார். நீல்ஸ் போர் அதனை மறுத்தார். துகள்கள் தம் பண்புகளைத் தொடக்கத்திலேயே பெற்றிருந்து, தொலைவிலிருந்து எவ்விதத் தாக்கமும் நிகழாதெனில், அளவீடுகளுக்கு இடையிலான ஒப்புமை ஒரு வரம்பைக் கடவாது என 1964 இல் ஜான் பெல் நிறுவினார். குவாண்டம் கோட்பாட்டின்படி அவ்வரம்பு மீறப்படும். எனவே இவ்விவாதம் சோதித்தறியக் கூடியதாயிற்று. எனினும் அக்காலத்தில் பலர் இதனை இயற்பியலாகவே கருதவில்லை. ஆஸ்பெக்ட் தம் திட்டத்தைக் கூறியபோது, அவருக்கு நிரந்தரப் பணி உள்ளதா என்றே பெல் முதலில் வினவினார்.

சோதனைகள்

1972 இல் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் செய்த சோதனையில் வரம்பு மீறப்பட்டது. ஆயினும் அளவீட்டுத் திசைகள் முன்னரே நிலையாக அமைக்கப்பட்டிருந்ததால், கருவிகளுக்கிடையே ஏதேனும் தாக்கம் பரவியிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சியது. 1982 இல் ஆஸ்பெக்ட், ஜான் தலிபார், ஜெரார் ரோஜே ஆகியோர் கால்சியம் அணுக்கள் உமிழ்ந்த ஒளியன் இணைகளின் தளவிளைவை ஏறத்தாழ 12 மீட்டர் இடைவெளியில் அளந்தனர். இத்தொலைவைக் கடக்க ஒளிக்கு 40 நானோநொடி தேவை. அளவீட்டுத் திசையோ ஏறத்தாழ 10 நானோநொடிக்கு ஒருமுறை மாற்றப்பட்டது. அப்போதும் வரம்பு மீறப்பட்டது. திசைமாற்றம் முற்றிலும் தற்செயலாக அமையாதது இச்சோதனையின் குறையாகும். அக்குறையைச் சைலிங்கர் குழுவினர் 1998 இல் நீக்கினர்.

பிற ஆய்வுகளும் விருதுகளும்

1986 இல் பிலிப் கிரான்ஜியேயுடன் சேர்ந்து, தனி ஒளியன் தன்னுடனேயே குறுக்கீட்டு விளைவைத் தோற்றுவிப்பதைக் காட்டினார். பின்னர் குளோத் கோகன்-தனூஜியின் குழுவில் சேர்ந்து, லேசர் மூலம் அணுக்களைக் குளிர்வித்தல் பற்றி ஆராய்ந்தார். பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தின் தங்கப் பதக்கத்தை 2005 இலும், உல்ஃப் பரிசை 2010 இலும் பெற்றார்.