கொச்சங்காடியும் ஒரு கேமராவும்

விடுமுறையில் கொச்சங்காடி போயிருந்தேன், 1344-ல் கட்டிய யூதர் ஜெபாலயத்தைத் தேடி. ஊர்ப்பேர்தான் மிச்சம். கல்வெட்டு மட்டும் பரதேசி ஜெபாலயச் சுவரில் பத்திரமாக இருக்கிறது.

ஓய்வு நேரத்தில் வேஸ் வரைபடத்தில் கேமரா குறிப்பவன் நான். இஸ்ரேலில் 2006-ல் ஏஹுத் ஷப்தாய் ஆரம்பித்த தன்னார்வ வரைபடம் அது. 2008-ல் கம்பெனியானது, 2013-ல் கூகுள் வாங்கியது.

கேரளாவின் 726 கேமராத் திட்டம் 2023 ஜூன் 5-ல் அபராதம் போடத் தொடங்கியது. அதில் சிவப்பு விளக்குக்கு 18, வேகத்துக்கு 8. பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் பார்ப்பவை.

அந்தக் கணக்கு தெரியாமல் ஒன்றை நான் வேகக் கேமரா என்று குறித்திருந்தேன். நேரில் பார்த்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, இதை நம்பி யாராவது திடீர்னு பிரேக் போட்டா?"

அன்றிரவே நீக்கினேன். ஊருக்குப் போனால் நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.