குதிரையேறிய பெண்

அமெரிக்க நாட்டில் மாடு மேய்த்துப் பிழைத்த கூலியாளைத் திரைப்படம் வீரனாக்கிற்று. 1929இல் வெளிவந்த ‘தி வர்ஜீனியன்’ என்னும் பேசும் படத்தில் கேரி கூப்பர் அவ்வீரனாகத் தோன்றினார். அவன் காதலிக்கும் பள்ளி ஆசிரியையோ, சண்டை வேண்டாமென மன்றாடுபவள். வீரம் ஆணுக்கு, அச்சம் பெண்ணுக்கு என்பதே அங்கு வகுக்கப்பட்ட நீதி.

குதிரையும் சண்டையும் நிறைந்த படம் நம் நாட்டில் உருவானபோது அந்நீதி புரண்டது. 1935இல் பம்பாய் வாடியா மூவிடோன் ‘ஹண்டர்வாலி’யை வெளியிட்டது. ஹோமி வாடியா இயக்கிய அப்படத்தில் முகமூடி தரித்து, சவுக்கேந்தி, குதிரைமீது வந்து கொடியோரை வீழ்த்தியவள் ஒரு பெண்! ஆஸ்திரேலியாவிற் பிறந்த நாடியா, தமக்குப் பதில் வேறு ஆளை நிறுத்தாது, தாமே பாய்ந்தும் குதித்தும் நடித்தார். படம் பெருவெற்றி பெற்றது. 1937இல் தமிழிலும் ‘மின்னல் கொடி’ வந்தது, கே. அமர்நாத் இயக்கிய அதில் கே. டி. ருக்மணி கொள்ளைக்காரியாய் வேடம் புனைந்தார்.

வீட்டிலே பெண்ணுக்கு அடக்கம் போதித்தவர்களே கொட்டகையிற் கைதட்டினர். வெளியே வந்தபின் அக்கைதட்டல் என்னவாயிற்று? அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில், ஆணோடு ஒப்ப விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் சீவிய தமிழ்ப் பெண்ணுக்கு ஆணினும் குறைந்த நாட்கூலியே விதிக்கப்பட்டிருந்தது.

பிறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இது உறுத்துகிறது. திரையிலே பெண்ணின் வீரத்தை மெச்சுதல் எளிதாயிருந்தது. கூலிப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சமமான தொகையை எழுதுதலே அரிதாயிற்று!